பாட்டிலிருந்து குரலைப் பிரித்தல்

பாலும் நீருங் கலந்திருப்பின் நீரை விடுத்துப் பாலை மட்டும் அருந்தும் என்று அன்னப்பறவையைப் பற்றிப் புலவர்கள் பாடி வைத்தனர். அத்தகைய அன்னத்தைக் கண்டவர் எவருமிலர். ஆயினும், நேயர்களே, ஒலியுலகில் ஏறக்குறைய அவ்வேலையைச் செய்யும் கணினி முறையொன்று இன்று வந்திருக்கின்றது. பதிவுசெய்த பாடலொன்றைக் கொடுத்தால், பாடகரின் குரலை ஒருபுறமும் பக்கவாத்தியங்களை மறுபுறமுமாக அது பிரித்துத் தருகின்றது. பழைய குரலுக்குப் புதிய தாளமும் புதிய இசையுஞ் சேர்த்து மறுகலவை செய்வோர் யாவரும் இப்பொழுது இதனையே நாடுகின்றனர்.

இஃது ஏன் நெடுங்காலம் இயலாதிருந்தது? ஒலிவாங்கியின் மெல்லிய தகடு ஒரு கணத்தில் ஒருவாறே அசையும். குரலின் அசைவும் பியானோவின் அசைவும் அங்கே கூடி ஒன்றாகிவிடுகின்றன. மூன்றும் நான்கும் ஏழு. ஏழு மட்டும் நம் கையிலிருந்தால், அது மூன்றும் நான்குமோ, இரண்டும் ஐந்துமோ, யாரறிவார்?

முன்னாளில் ஒரு தந்திரம் இருந்தது. ஸ்டீரியோப் பதிவுகளில் குரல் பெரும்பாலும் நடுவில், இரு பக்கங்களிலும் சமமாக அமைந்திருக்கும். ஒரு பக்கத்தின் அலையைத் தலைகீழாக்கி மற்றப் பக்கத்தோடு கூட்டினால், இரண்டிற்கும் பொதுவானது அழிந்துபோகும். குரல் மறைந்து வாத்தியம் எஞ்சும். ஆனால் நடுவிலுள்ள மேளமும் தாழ்ந்த சுருதிக் கிற்றாரும் கூடவே மறையும். குரலின் எதிரொலியோ பேய்போல் பின்தங்கி நிற்கும். அன்றியும், இம்முறை குரலை நீக்குமேயன்றிக் குரலைத் தனியே தராது. ஒற்றைத்தடப் பதிவுகளிலோ முற்றாகவே பயனற்றது.

புதிய முறை வேறு வழியிற் செல்கின்றது. குரலும் வாத்தியமும் வெவ்வேறாகப் பதிவான பல பாடல்களையும் அவற்றின் கலவையையும் கணினிக்குக் கொடுத்துப் பழக்குகின்றனர். நேரத்தையும் அதிர்வெண்ணையும் கட்டங்கட்டமாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் குரலின் பங்கு எவ்வளவு என்று மதிப்பிட அது கற்றுக்கொள்கின்றது. பாரிஸ் நகரத்து டீசர் நிறுவனம் 'ஸ்பிளீற்றர்' என்ற இத்தகைய மென்பொருளை 2019ஆம் ஆண்டில் எவரும் பயன்படுத்துமாறு இலவசமாகவே வெளியிட்டது. மதிப்பீடு என்ற சொல்லை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். மண்ணுள் புதைந்த குடத்தை அகழ்ந்தெடுப்பது போன்றதன்று இது. 'ச' என்ற எழுத்தின் சீறலும் வெண்கலத் தாளத்தின் ஒலியும் ஒரே உயர் அதிர்வெண்களில் வாழ்வன. அங்கே கணினி தடுமாறுவதைக் கூர்ந்து கேட்போர் உணரலாம்.

இம்முறையின் பெருமையைக் காட்டப் பீற்றில்ஸ் குழுவினரின் ஒரு பாடலே போதும். ஜோன் லெனன் 1970களின் பிற்பகுதியில் நியூயோர்க் நகரிலுள்ள தம் இல்லத்தில் பியானோ வாசித்துக்கொண்டே 'நவ் அன்ட் தென்' என்ற பாடலைச் சாதாரணக் கசெற் ஒன்றிற் பாடிவைத்தார். 1980ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவியார் யோக்கோ ஓனோ அந்த நாடாக்களை 1994ஆம் ஆண்டில் போல் மக்காட்னியிடம் கொடுத்தார். எஞ்சிய மூவரும் அவற்றுள் இரு பாடல்களை முடித்து 1995, 1996ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். மூன்றாவதான இப்பாடலில் பியானோ எழுந்து குரலை மூடிற்று. மின்னோட்டத்தின் ரீங்காரமும் சேர்ந்து வருத்தியது. எனவே கைவிட்டனர்.

பின்னர், இக்குழுவினர் 1969ஆம் ஆண்டு சனவரியில் எடுத்த படச்சுருள்களைக் கொண்டு பீற்றர் ஜக்சன் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட தொடருக்காக, கிற்றார் ஒலியில் அமிழ்ந்த உரையாடலைப் பிரிக்கும் முறையை அவருடைய கலைஞர்கள் உருவாக்கினர். அம்முறையே லெனனின் குரலையும் பியானோவிலிருந்து விடுவித்தது. பழைய நாடாவைக் குப்பையென்று எறியாது பேணி வைத்தமையாலன்றோ இது கைகூடிற்று! குரலைப் பிரித்தாயிற்று என்று இன்று மூலப் பதிவை அழிப்போர் இதனைச் சிந்திக்கவேண்டும். பத்தாண்டு கழித்து இதனினும் நுண்ணிய கருவி வரலாம்.

2023ஆம் ஆண்டு யூன் மாதத்தில் செயற்கை நுண்ணறிவு பயன்பட்டதென்று மக்காட்னி கூறியதும், இறந்தவர் குரலைப் போலியாகச் செய்துவிட்டனரென்று பலர் மயங்கினர். எதுவும் செயற்கையாகப் படைக்கப்படவில்லை என்று அவர் பின்னர் விளக்க நேர்ந்தது. பிரித்தல் வேறு, புனைதல் வேறு. ஆயினும் பிரித்தெடுத்த குரல் எவருக்குஞ் சொந்தமற்ற பண்டமாகிவிடாது. இயற்றியவருக்கும் பதிவுசெய்தவருக்கும் வெவ்வேறு உரிமைகள் உண்டு. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடியவரின் உரிமையையும் ஏற்கின்றது. வீட்டிலிருந்து மறுகலவை செய்யும் இளைஞர், அதனை ஊருக்கு வெளியிடுமுன் உரியவரைக் கேட்டல் வேண்டும்.

'நவ் அன்ட் தென்' 2023ஆம் ஆண்டு நவெம்பர் 2ஆம் நாள் வெளிவந்தது. 2001ஆம் ஆண்டில் மறைந்த ஜோர்ஜ் ஹரிசன் 1995ஆம் ஆண்டில் வாசித்த கிற்றாரும் அதில் உண்டு. அது வெளிவந்தபோது 81 வயதாயிருந்த மக்காட்னியும் 83 வயதாயிருந்த றிங்கோ ஸ்ராரும் அவ்விருவரோடுஞ் சேர்ந்து அதில் இசைக்கின்றனர்.