பன்னீரும் மூடாக்கும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பன்னீர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது திருமணப் பந்தலின் வாயிலில் விருந்தினரை வரவேற்கும் பன்னீர்ச் செம்பேயாகும். இன்று அதனை வயல் வரப்புக்குக் கொண்டுவந்து பேச விரும்புகின்றோம். பனிக்காலத்தில் வெடித்த குதிகாலோடு நடப்பவர் நம்மில் பலர். நாற்று நடும் தாய்மார்களின் கைகள் நாள் முழுதும் சேற்றில் ஊறி, மாலையில் காய்ந்து, பிளவுபடுகின்றன. ஆகவே இது அழகைப் பற்றிய பேச்சன்று. உழைக்கும் கையையும் காலையும் காப்பது பற்றிய பேச்சாகும்.

மலர், வேர், விதை முதலியவற்றை நீரிலிட்டுக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிர்வித்து இறக்கும் தெளிநீரைச் சித்த மருத்துவம் 'தீநீர்' என்கிறது. அதனை வடிக்கும் கருவிக்கு 'வாலை' என்று பெயர். ஓமத் தண்ணீரை அறியாத வீடு நம் நாட்டில் இல்லை. அதுவும் ஒரு தீநீரே. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசி நகரில் செப்புக் கொப்பரைகளில் ரோஜாவையும் வெட்டிவேரையும் இன்றும் வடிக்கின்றனர். நம் கடலூர் மாவட்டத்துக் கடற்கரை மணலிலும் வெட்டிவேர் பயிராகிறது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க ஏறத்தாழ 3,000 கிலோவுக்கு மேல் மலர் வேண்டும். எனவே அதன் விலை மிக அதிகம். ஆனால் ரோஜாவின் மணத்தில் ஒரு பெரும் பகுதி நீரில் கரையக்கூடியது. அதனால்தான் எண்ணெய் பிரிந்த பின்னும் பன்னீர் மணக்கிறது.

சரி, இந்நீர் தோலுக்கு என்ன செய்கிறது? வெயிலில் காய்ந்த முகத்தில் தெளித்தால் குளிர்ச்சி தருகிறது, உண்மையே. ஆனால் அக்குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? மண்பானையில் நீர் குளிர்வதைப் போன்றே, நீர் ஆவியாகிப் போகும்போதுதான் குளிர்ச்சி பிறக்கிறது. அதாவது, நாம் தெளித்த நீர் தோலில் தங்கவில்லை, போய்விட்டது. நாளுக்குப் பத்து முறை பன்னீர் தெளித்தால் தோல் வறளாது என்று எண்ணுவது தவறு.

தோலின் மேலடுக்கு ஒரு செங்கற் சுவர் போன்றது. இறந்த உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றின் இடையிலுள்ள கொழுப்பு சாந்து. சாந்து கெட்டியாக இருக்கும் வரை உடலின் ஈரம் வெளியே கசியாது. கடுஞ்சோப்பும், சுண்ணாம்பும், சிமெண்டும், நெடுநேரம் நீரில் ஊறுவதும் அச்சாந்தைக் கரைத்துவிடுகின்றன. பின்னர் ஈரம் வெளியேறுகிறது. தோல் விறைத்து வெடிக்கிறது.

1952 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இர்வின் பிளாங்க் ஓர் எளிய உண்மையை வெளியிட்டார். காய்ந்து விறைத்த காய்ப்புத் தோலை எண்ணெயில் மட்டும் ஊறவைத்தால் அது இளகுவதில்லை. நீரில் ஊறினால்தான் இளகுகிறது. ஆகவே தோலை மென்மையாக்குவது நீர். அந்நீரை ஓடாமல் காப்பது எண்ணெய். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது.

உழவர்களுக்கு இதனை விளக்க வேறு உவமை வேண்டா. கோடையில் செடிக்கு நீர் விட்டு, மேலே மூடாக்கு இடாமல் விட்டால் மாலைக்குள் மண் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணின் மேல் மூடாக்கை மட்டும் பரப்பினாலும் பயனில்லை. முதலில் நீர், உடனே மூடாக்கு. தோலுக்கும் இதுவே விதி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் மருத்துவர் தேன்மெழுகையும் எண்ணெயையும் பன்னீரையும் சேர்த்துக் களிம்பு செய்ததாகக் கூறுவர். நீரையும் மூடாக்கையும் ஒன்றாக்கியதே அதன் சிறப்பு.

செய்யவேண்டியது இதுதான். வேலை முடிந்து வந்ததும் கைகால்களைத் தூய நீரில் கழுவவேண்டும். வெடித்த குதிகாலை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைக்கலாம். துணியால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே தேங்காயெண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ பூசவேண்டும். பன்னீரோ வெட்டிவேர் நீரோ இருந்தால் பூசுவதற்கு முன் தெளித்துக்கொள்ளலாம்; இல்லையேல் கிணற்று நீரே போதும். 2004 இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது இரண்டும் பயன் தந்தன. கால்விரல் இடுக்குகளில் மட்டும் எண்ணெய் தங்கலாகாது. அங்கே ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும்.

வீட்டிலேயே பன்னீர் வடிக்க விரும்புவோர்க்கு வழி எளிது. அகன்ற பாத்திரத்தின் நடுவே ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் ஒரு கிண்ணத்தை வைக்கவேண்டும். சுற்றிலும் மருந்து தெளிக்காத பன்னீர் ரோஜா இதழ்களை இட்டு, அவை மூழ்க நீர் ஊற்றவேண்டும். குமிழுள்ள மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன்மேல் குளிர்நீர் விட்டு, சிறு தீயில் காய்ச்சினால் ஆவி குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். முதலில் இறங்குவதே மணமுள்ளது. மணம் குறைந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வடிநீர் தூயதாகவே இறங்குகிறது. ஆனால் கிருமியைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. கொதிநீரில் இட்டெடுத்த புட்டியில் அடைத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, சில வாரங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். கலங்கினாலோ வாடை மாறினாலோ கொட்டிவிட வேண்டும். கண்வலிக்குப் பன்னீர் விடும் பழக்கத்தை அறவே விடுக. கிருமி புகுந்த ஒரு துளி கண்ணையே கெடுக்கக்கூடும்.

பூ விலை சரிந்து, கொட்டுவோர் இன்றி மலர் குவியும் நாட்களில், அதனை வடித்து விற்கலாமே என்று மகளிர் குழுவினர் கேட்கின்றனர். நல்ல எண்ணமே. ஆயினும் விற்பனைக்காக அழகுப் பொருள் செய்வதற்கு 1940 ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள்கள் சட்டத்தின்படியும், 2020 ஆம் ஆண்டு விதிகளின்படியும் உரிமம் பெறவேண்டும். நீரில் செயற்கை மணத்தைக் கலந்து பன்னீர் என்று விற்பதும் உண்டு. நம் குழுக்கள் அவ்வழி செல்லாமல், சொன்னதைக் கொடுப்போர் என்று பெயரெடுக்க வேண்டும். வடிநீரோடு தேங்காயெண்ணெயையும் சேர்த்து, பயன்படுத்தும் முறையையும் அச்சிட்டுக் கொடுத்தால் வாங்குவோர்க்கு நன்மை மிகும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் இச்செய்தியைச் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்களின் பாதத்தில் சிறு வெடிப்பும் பெரும்புண்ணாகலாம். காலையே இழக்க நேரிடலாம். அவர்கள் இரவுதோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெடிப்பில் குருதியோ சீழோ கண்டால், வெளிறிய திட்டில் தொடுவுணர்ச்சி இல்லையென்றால், பன்னீரும் எண்ணெயும் தேடிக் காலம் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

நிலத்தின் ஈரத்தைக் காக்கத் தெரிந்தவர்கள் நாம். அதே அறிவைக் கொண்டு நிலத்தில் உழைக்கும் கால்களையும் காப்போமாக.