மலைக்கு வீக்கெண்ட் கிடையாது

(பேசிய எபிசோடை, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்திய வடிவம்)

இன்னைக்கு ரெக்கார்டிங் ஓமலூர்ல, எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்து. நடுவுல பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க. எனக்கு நேர் எதிரே, கிழக்குப் பக்கம், சேர்வராயன் மலை நீளமா படுத்திருக்கு. அது மேலதான் ஏற்காடு.

சின்ன வயசுல எங்களுக்கு அந்த மலை ஒரு காம்பவுண்டு சுவர் மாதிரி. எப்பவும் இருக்கும், யாரும் கவனிக்க மாட்டோம். எங்க அம்மாயிக்கு மட்டும் அதுதான் வெதர் ஆப். காலையில வாசல் தெளிக்க வந்ததும் முதல் வேலையா கிழக்கே பார்ப்பாங்க. மலை தெளிவா தெரிஞ்சா கடலைக்காயை வாசல்ல காயப் போடலாம். "மலை போர்த்திக்கிச்சு"ன்னு சொல்லிட்டாங்கன்னா, எல்லாத்தையும் சாக்குல அள்ளி உள்ள வைக்கணும். அம்மாயி சொன்னது பெரும்பாலும் தப்பாது. ஆனா எழுபது வருஷமா தினமும் பார்த்த அந்த மலைக்கு அவங்க ஒரு தடவைகூட போனதில்ல.

நான் போனேன். 2021 அக்டோபர்ல, வொர்க் ஃப்ரம் ஹோம் ஓடிட்டு இருந்த சமயம், ஏற்காட்டுல ஒரு காபித் தோட்டத்து ஓரமா ஒரு ரூம் எடுத்தேன். ஒரு லேப்டாப், ரெண்டு டாங்கிள், ஒரு ஸ்வெட்டர். பதினோரு மாசம் இருந்தேன். அந்த பதினோரு மாசத்துல நான் கத்துக்கிட்டதைத்தான் இன்னைக்கு பேசப் போறேன்.

முதல்ல கொஞ்சம் ஜியாகிரபி, போரடிக்காம முடிச்சிடுறேன். ஏற்காடு மேற்குத் தொடர்ச்சி மலை இல்ல, கிழக்குத் தொடர்ச்சி மலை. மேற்கே மாதிரி இங்க ஒரே நீளச் சங்கிலி கிடையாது. சேர்வராயன், கல்வராயன், கொல்லி மலை, பச்சைமலை, ஜவ்வாதுன்னு சமவெளி நடுவுல தனித்தனித் தீவு மாதிரி நிக்கும். ஓமலூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 300 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு டிகிரிக்கு மேல வெயில் குறையும். அதனால சேலத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிச்சா நீங்க வேற ஒரு சீசனுக்குள்ள வந்துடுவீங்க. தூரம் கம்மி, உலகம் வேற.

சரி, கதைக்கு வருவோம்.

அந்த அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. முதல் வாரம் பூரா எனக்கு மலையே தெரியல, மூடுபனிதான். தெரிஞ்சது ஒரே ஒரு சத்தம். சாயங்காலம் ஆனா புதருக்குள்ள இருந்து ரெண்டு தடவை விசில் அடிக்கும். நான் ஏதோ பையன்னு நினைச்சேன். எங்க தோட்டத்துல வேலை பார்த்த ஒரு அக்கா சொன்னாங்க, "அது ஆறுமணிக் குருவி தம்பி. அது கத்துனா நாங்க வீட்டுக்குக் கிளம்புவோம்."

இங்கிலீஷ்ல அதுக்கு இந்தியன் பிட்டான்னு பேரு. பச்சை முதுகு, நீல இறக்கை, வயித்துக்கு அடியில சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. இத்தனை கலரை வச்சுக்கிட்டு தரையில, சருகுக்குள்ள, ஒளிஞ்சு ஒளிஞ்சு புழு பொறுக்கும். இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியாவுலயும் குஞ்சு பொரிச்சுட்டு, ராத்திரி ராத்திரியா பறந்து தெற்கே வரும். காலையிலயும் சாயங்காலமும் சுமார் ஆறு மணிக்குக் குரல் கொடுக்கிறதால இந்தப் பேரு. எனக்கு தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மீட்டிங். எங்க ரெண்டு பேருல கரெக்டா லாகின் ஆனது அதுதான்.

நவம்பர், டிசம்பர், ஜனவரி காபிப் பழம் பறிக்கிற காலம். 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்ன் இங்க காபி கொண்டு வந்தார்னு சொல்லுவாங்க. ஒரே கிளையில பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணும் இருக்கும். பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ளணும். நான் ஒருநாள் லீவு போட்டு உதவி பண்ணப் போனேன். மத்தியானத்துக்குள்ள இடுப்பு போச்சு. என் சாக்குல பாதி பச்சைக் காய்னு அந்த அக்கா சிரிச்சாங்க. அதே ஜனவரியில ரோட்டு ஓரத் தண்ணியில மஞ்சள் வயிறோட சாம்பல் வாலாட்டி ஒண்ணு வாலை ஆட்டிக்கிட்டே ஓடும். அதுவும் இமயமலைப் பக்கத்து விருந்தாளிதான்.

பிப்ரவரி வந்தா எல்லாம் காயும். புல்லு பழுப்பாகும். அப்பத்தான் நிழலுக்கு வச்சிருக்கிற முள்முருங்கை இலையெல்லாம் உதிர்த்துட்டுச் சிவப்பா பூக்கும். மைனா, கரிச்சான், தேன்சிட்டுன்னு மரமே சந்தைக்கடை ஆயிடும். தண்ணி தேடிக் காட்டுமாடும் தோட்டத்துக்குள்ள வரும். காட்டெருமைன்னு சொல்றோமே, அதுதான். ஆனா அது எருமை இனம் இல்ல, மாட்டு இனம். நாலு காலுக்கும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். வளர்ந்த கிடா ஒண்ணு ஒரு டன் வரைக்கும்கூட எடை வரும்.

ஒருநாள் சாயங்காலம் இயர்போன் மாட்டிக்கிட்டு, கால் பேசிக்கிட்டே தோட்டத்துப் பாதையில நடந்தேன். லேசான பனி. பாறைன்னு நினைச்ச ஒண்ணு தலையைத் திருப்புச்சு. பதினஞ்சு அடிதான் இருக்கும். நான் என்ன பண்ணேன்? போனை எடுத்து கேமராவை ஆன் பண்ணேன். நம்ம ரிஃப்ளெக்ஸ் அப்படி ஆயிருச்சு. பின்னாடி இருந்து அந்த அக்கா அடிக்குரல்ல, "தம்பி, அசையாம பின்னால வா. ஓடாத"ன்னாங்க. ஒவ்வொரு அடியா பின்னால வந்தேன். அது ஒரு தடவை மூச்சை விட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. அப்புறம் அக்கா திட்டுனாங்க பாருங்க! "கூட்டமா வந்தா அது பாட்டுக்குப் போயிரும். ஒத்தையா நின்னா நீ திரும்பிரணும். அது வழியில வந்து நின்னுட்டு போட்டோவாம் போட்டோ!" அன்னைக்கு ராத்திரி கைநடுக்கம் நிக்கல. அந்த கால்ல இருந்தவங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் நெட்வொர்க் போச்சுன்னுதான் தெரியும்.

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

மார்ச் கடைசியில, ஒரு வியாழக்கிழமை ராத்திரி, கோடை மழை ஒண்ணு பெஞ்சுது. மறுநாள் தோட்டமே கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு. ஏன்னு கேட்டேன். காபி மொட்டு வெயில் காலம் பூரா மூடித் தூங்கிட்டே இருக்கும். ஒரு இன்ச் அளவுக்கு மழை விழுந்தாத்தான் முழிக்கும். முழிச்ச எட்டு, ஒன்பது, பத்து நாள்ல மொத்தத் தோட்டமும் ஒரே நேரத்துல பூக்கும். ரெண்டு மூணு நாள்தான். அப்புறம் முடிஞ்சுது. அக்கா விரல் விட்டு எண்ணி, "அடுத்த சனிக்கிழமை பாரு"ன்னாங்க.

நான் உடனே அம்மாயிக்கு போன் பண்ணேன். "அம்மாயி, அடுத்த சனிக்கிழமை வந்து உங்களைக் கூட்டிட்டு வரேன். மலையைப் பாருங்க." அவங்க பச்சைப் புடவையை இஸ்திரி போட்டு வச்சதா அம்மா அப்புறமா சொன்னாங்க.

அந்த சனிக்கிழமை எங்களுக்கு புரொடக்‌ஷன் ரிலீஸ். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் மெயில் வந்துச்சு. நான் போன் பண்ணி, "அடுத்த வாரம் கண்டிப்பா அம்மாயி"ன்னு சொல்லிட்டேன்.

சனிக்கிழமை விடியக்காலையில வாசனைதான் என்னை எழுப்புச்சு. மல்லிகை மாதிரியே, ஆனா இன்னும் கொஞ்சம் லேசா. கதவைத் திறந்தா தோட்டம் பூரா வெள்ளை. ஒவ்வொரு கிளையிலயும் பூச்சரம் கட்டிவிட்ட மாதிரி, தேனீ சத்தம் மோட்டார் மாதிரி. அம்மாயிக்கு வீடியோ கால்ல காட்டுனேன். "நல்லா இருக்கு கண்ணு, வாசனைதான் வரல"ன்னாங்க.

அன்னைக்கு மத்தியானமே மேகம் திரண்டு நல்ல மழை. ஜன்னல்ல இருந்து வெள்ளைப் பூ மேல மழை விழறதை வீடியோ எடுத்தேன். சத்தியமா சொல்றேன், என் வாழ்க்கையில எடுத்ததிலேயே அழகான வீடியோ அதுதான். "சொர்க்கம்"னு எழுதி ஸ்டேட்டஸ் போட்டேன்.

ராத்திரி தோட்டக்காரப் பெரியவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். யாரும் சரியா பேசல. அவர்தான் கடைசியா சொன்னார், "உன் வீடியோ நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா பூ விரிஞ்ச அன்னைக்கு மழை அடிச்சா காய் சரியா பிடிக்காது. எவ்வளவு போச்சுன்னு இனிமேத்தான் தெரியும்."

அதட்டல் இல்ல, கோபம் இல்ல. எனக்கு சோறு இறங்கல. பத்து நாள் முன்னாடி இதே மழைக்குத்தான் அவங்க சந்தோஷப்பட்டாங்க. அதே மழை, தேதி மட்டும் தப்பு. எனக்கு அது பேக்கிரவுண்டு, அவங்களுக்கு ஒரு வருஷத்துச் சம்பளம்.

இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்ல. வாசல்ல காயப் போட்ட கடலைக்காய் நனைஞ்ச அன்னைக்கு எங்க வீட்டுல யாரும் மழையை ரசிச்சதில்ல. அம்மாயி முந்தானையால மூடிக்கிட்டு ஓடினதை நான் பார்த்திருக்கேன். காலேஜ், ஆபீஸ், ஏசின்னு ஏழு வருஷத்துல மறந்துட்டேன், அவ்வளவுதான். ஸ்டேட்டஸை அழிச்சேன். செவ்வாய்க்கிழமைக்குள்ள பூவெல்லாம் காபிப் பொடி கலர்ல சுருங்கிடுச்சு. அடுத்த சனிக்கிழமை நான் அம்மாயியைக் கூட்டிட்டு வர அங்க எதுவும் இல்ல. போன்ல சொன்னப்ப அவங்க சிரிச்சாங்க, "பூ உன் லீவு பார்த்தா பூக்கும்?"

மே மாசம் கோடை விழா. கொண்டை ஊசி வளைவுல கார் வரிசை. வந்தவங்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். வாரத்துல ஒருநாள் லீவு கிடைக்கிறவங்க அந்த ஒருநாள்லதானே வர முடியும்? நானும் அப்படித்தான். ஆனா மலைக்கு வீக்கெண்ட் கிடையாது. அதுக்குன்னு ஒரு காலண்டர் இருக்கு. அதை நம்பிப் பிழைக்கிறவங்களுக்கு அது மனப்பாடம். அவங்ககிட்ட கேட்காம நாம பார்க்கிற அழகு பாதி அழகுதான்.

அடுத்த வருஷம் நான் கீழ வந்துட்டேன். ஏப்ரல்ல அந்த அக்கா போன் பண்ணாங்க. "மழை பெஞ்சிருச்சு தம்பி. எட்டு நாள்ல வா." செவ்வாய்க்கிழமை வந்துச்சு. மேனேஜர்கிட்ட பர்சனல் ரீசன்னு லீவு போட்டேன். அம்மாயி அதே பச்சைப் புடவை. வளைவுல ரெண்டு தடவை வாந்தி. தோட்டத்துல இறங்கினதும் ஒரு கிளையைப் பிடிச்சு மோந்து பார்த்தாங்க. "மல்லியேதான். ஆனா பறிச்சா பாவம், காயாகணுமே"ன்னு விட்டுட்டாங்க. ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கல.

அப்புறம் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். குகைக்குள்ள குனிஞ்சுதான் போகணும். உள்ள சேர்வராயனும் காவேரி அம்மனும். எங்க ஊரு வழியா ஓடிக் காவேரியில சேருற சரபங்கா ஆறு இந்த மலையிலதான் பிறக்குது. அதைச் சொன்னேன். வெளிய வந்து மேற்கே பார்த்தாங்க. "நம்ம ஊரு எங்கடா?" வெயில் புகைச்சல்ல ஒண்ணும் தெரியல. கொஞ்ச நேரம் நின்னுட்டு, "இங்க இருந்து நம்மளத் தெரியாது போல. நாமதான் பார்த்துக்கணும்"னாங்க.

உங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். மலையில வீடு எடுக்கத் தேவையில்ல. உங்க தெருவுல ஒரு மரம், ஒரு குளம், ஒரு பார்க், எதையாவது ஒரு வருஷம் பாருங்க. ஆறுமணிக் குருவி சென்னைக்கும் வரும், கிண்டிக் காட்டுல பார்த்திருக்காங்க. சத்தம் புரியலன்னா மெர்லின்னு ஒரு ஆப் இருக்கு, போட்டுப் பாருங்க. ஆனா அதுக்கு முன்னாடி பக்கத்துல பூக்கட்டுற அக்காகிட்டயோ வாட்ச்மேன் அண்ணன்கிட்டயோ ஒரு வார்த்தை கேளுங்க. ஆப்ல இல்லாத பேரு அவங்ககிட்ட இருக்கும்.

சரி மக்களே, இத்தோட முடிச்சுக்கிறேன். கீழ இருந்து ஒரு குரல் கேட்குதா? அம்மாயிதான். மலை போர்த்திக்கிச்சாம், கொடியில துணி கிடக்காம். போன்ல வெயில்னுதான் காட்டுது.

நான் போய் துணி எடுக்கிறேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.