வெப்பத்துக்கு நிறமில்லை

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கிரீடமும் அரிதாரமும் வெச்சு துரியோதனன் வந்து நின்னாலும், 'டேய், அது நம்ம மாமன்டா' என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இந்த வேலையைத்தான் இப்போது கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். வேஷம் போட்டு வந்தாலும் அது ஆளைக் கண்டுபிடிக்கணுமாம்.

சாதாரணக் கேமரா, முகத்தில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தைப் படம் பிடிக்கிறது. அதுக்கு ஒட்டுத்தாடியும் தாடிதான். வெப்பக் கேமரா வேற மாதிரி. உடம்பு தானாக விடுகிற சூட்டை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைப் பிடிக்கிறது. ஒட்டுத்தாடிக்கு ரத்த ஓட்டம் ஏது? பக்கத்துச் சதையைவிடக் குளிர்ந்து தெரியும். மூக்குக் கண்ணாடி சூட்டை மறிப்பதால் கண் இருக்கிற இடம் இருண்டு கிடக்கும். ஆனால் வெயிலில் நடந்து வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ சூட்டுப் படமும் மாறிப்போகும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

தில்லியில் இந்திரப்பிரஸ்தா தகவல் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 75 பேரை விதவிதமான வேஷத்தில் இரண்டு வகையிலும் படம் எடுத்தார்கள். முகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எது சதை, எது வேஷம் என்று மெஷினைச் சொல்ல வைத்தார்கள். 2014இல் வந்த அவர்கள் கட்டுரை மனிதக் கண்ணையும் சோதித்தது. பழகிய முகமா, தன் இனத்து முகமா என்பதையும் கணக்கில் எடுத்தது. கூட வாழ்கிறவன் முகம்தான் கண்ணுக்குச் சுலபமாகப் பிடிபடும். 'அவனுங்க எல்லாம் ஒரே மாதிரி இருப்பானுங்க' என்று நம்மைச் சொல்கிறானே, அது கண்ணுக் கோளாறு இல்லை. ஊரையும் சேரியையும் பிரித்துவைத்த கோளாறு.

மெஷினுக்கும் அதே கதிதான். 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள், முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று கம்பெனி மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் தப்பு 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கறுத்த பெண்களிடம் 34.7 வரை போனது.

கறுப்போ வெளுப்போ, மனுசத் தோல் சூட்டை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விடுது. கவிதை எழுதுகிறவனுக்கு இதைக் கேட்டால் சந்தோசமாத்தான் இருக்கும். ஆனா ஏமாந்துடக் கூடாது, தோழர்களே. மெஷின் யாரோடு ஒப்பிடுது? ஸ்டேஷன்ல ஏற்கெனவே இருக்கிற படத்தோடு. அந்த ஆல்பத்தில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு பண்ணுறது சூடு இல்லை, ஆள்.

1871இல் வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டான். நம்ம பக்கம் ரேகைச் சட்டம் என்றார்கள். பிறப்பையே குற்றமாக்கிப் பதிந்த அந்தச் சட்டம் நாடு முழுக்க ஒழிந்தது 1952இல். தமிழ்நாட்டுப் போலீஸ் 2021இல் முகமறியும் மென்பொருளைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் வந்த மத்தியச் சட்டம், கைதாகிறவர் படத்தை 75 வருஷம் வைத்திருக்க வழிசெய்கிறது. விடுதலையானால் அழிக்கணும், ஆனால் வைத்திரு என்று கோர்ட் சொன்னால் இருக்கும். எங்க ஊரில் என்ன தகராறு நடந்தாலும் முதலில் படம் பிடிக்கப்படுவது சேரிப் பையன்கள்தான்.

ஆகவே கேமரா எவ்வளவு கூர்மை என்பதல்ல நம்ம கேள்வி. ஆல்பத்தில் யார் யார்? எதற்காக? விடுதலையானவன் படத்தை அழித்ததற்கு அத்தாட்சி எங்கே? நான் பேங்க் கிளார்க். ஒருத்தர் கணக்கில் ஒரு ரூபாய் கழித்தாலும் பாஸ்புக்கில் பதிந்து கொடுக்கணும். முகத்துக்கு மட்டும் கணக்கு கிடையாதா?