போத்தல்களில் ஒட்டிய பெயர்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாக ஒலிவாங்கிக்கு முன் நின்றது ஆண்டு பதினொன்றில், பேச்சுப் போட்டிக்கு. பாதியில் மறந்துபோய் அழுதுகொண்டு இறங்கினேன். ஆகவே இன்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சங்கச் செயலாளர் அழைத்தபோது, "டொக்டர், பெண்களின்ர ஆரோக்கியத்தைப் பற்றி ஏதாவது சொல்லுங்கோவன்" என்றார். பிரஷர், நீரிழிவு, கொலஸ்ட்ரோல் எல்லாம் நான் கிளினிக்கில் தினமும் சொல்பவைதான். நீங்களும் கேட்டுக் களைத்திருப்பீர்கள். நான் இன்று பேசப்போவது என் அம்மாவின் குசினியில் இருந்து வந்த போத்தல்களைப் பற்றி. அம்மாவும் இந்தக் கல்லூரியின் பிள்ளைதான். அவரிடம் கேட்டுத்தான் பேசுகிறேன். "சொல்லு. ஆனா என்னைப் பாவம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை" என்றார்.

நான் கொழும்பில் வேலை செய்கிறேன். அம்மா ஊரில். அப்பா போன பிறகு, பக்கத்து வளவில் இருக்கும் குஞ்சம்மாதான் அவருக்குத் துணை. மாதம் ஒருமுறை அம்மாவின் பார்சல் இரவு பஸ்ஸில் ஏறிவிடும். விடிய நாலரைக்கு என் கணவர் போய் எடுத்து வருவார். உள்ளே மிளகாய்த்தூள், ஒடியல் மா, வறுத்த அரிசிமா, மோர்மிளகாய், வேலியில் பிடுங்கிய முருங்கையிலை, சில வேளை ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப் பூவும் இருக்கும். ஒவ்வொரு போத்தலிலும் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வெட்டிய ஒரு துண்டு ஒட்டியிருக்கும். பெயர், திகதி, அதற்குக் கீழே "ஒருக்கா வெயிலில் வை" என்பது போல ஒரு கட்டளை. அம்மா முப்பது வருடத்துக்கு மேலாக ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு அகரம் எழுதப் பழக்கியவர். அவருடைய எழுத்து உருண்டையாக, கரும்பலகையில் கடைசி வாங்குப் பிள்ளைக்கும் தெரிவது போல இருக்கும்.

நான் போத்தலைத் திறப்பேன், சமைப்பேன், வேலைக்கு ஓடுவேன். வெறும் போத்தல்களைக் கழுவி ஒரு பெட்டியில் போட்டுவைப்பேன். ஊருக்குப் போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம். கொடுத்ததே இல்லை.

2019 டிசம்பர் விடுமுறையில், எட்டு வயதான என் மகள் அந்தப் பெட்டியை இழுத்தெடுத்துக் கடை விளையாடினாள். போத்தல்களை நிலத்தில் வரிசையாக வைத்துவிட்டு, "அம்மா, இஞ்சை வந்து பாருங்கோ. அம்மம்மா ஏன் வரவரக் குட்டிக் குட்டியா எழுதுறா?" என்று கேட்டாள். திகதிப்படி அடுக்கியிருந்தாள். 2016ஆம் ஆண்டுப் போத்தலில் எழுத்துகள் புளியங்கொட்டை அளவு. அடுத்த வருடம் உளுந்தளவு. கடைசிப் போத்தலில் "மிளகாய்த்தூள்" என்ற சொல்லின் முதல் எழுத்து ஓரளவு தெரிந்தது. போகப்போகச் சிறுத்து, கடைசி "ள்" எறும்புபோல ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் அந்தத் தரையிலேயே இருந்துவிட்டேன். ஒரு சொல்லை எழுதும்போதே எழுத்துச் சிறுத்துக்கொண்டு போவது எதனுடைய அடையாளமாக இருக்கலாம் என்று மருத்துவபீடத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். மூன்று வருடமாக அது என் குசினி அலுமாரியில் இருந்தது.

நரம்பியல் நிபுணரிடம் காட்டினோம். பார்க்கின்சன்ஸ் நோய். நடுக்கம் வந்தால்தான் அந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அம்மாவுக்கு அப்போது நடுக்கமே இல்லை. (வீட்டுக்குப் போய் எல்லோரும் தாய்மாரின் கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கண்பார்வை மங்கினாலும், விரல் மூட்டு நோவு இருந்தாலும் எழுத்து மாறும். சந்தேகம் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள், அவ்வளவுதான்.)

பிறகு யோசித்தால் ஒவ்வொன்றாக வந்தது. 2018இல் வந்த மிளகாய்த்தூள் இரண்டு முறை கருகிக் கசந்தது. கொத்தமல்லியும் செத்தல் மிளகாயும் தாச்சியில் எப்போது இறக்க வேண்டும் என்று எங்கள் தாய்மார் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை, மூக்குத்தான் சொல்லும். அம்மாவின் மூக்கு அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. இந்த நோயில் உடல் அசைவுகள் மாறுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே மணம் குறையக்கூடும். நான் செய்தது என்ன தெரியுமா? தூளைக் கொட்டிவிட்டுக் கடையில் ஒரு பக்கெற் வாங்கினேன். "எப்பிடி தூள்?" என்று அம்மா கேட்டபோது "நல்லாயிருக்கு" என்றேன். மல்லிகைப் பூ பார்சலில் வராமல் நின்றதையும் நான் கேட்கவில்லை.

தம்பி ரொறன்ரோவில். ஒரு வருடமாக அவன் "அக்கா, அம்மாவின்ர லைன் சரியில்லை, குரல் விளங்குதில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வைபை வேகத்தைக் கூட்டக் காசும் அனுப்பினான். லைனில் பிழை இல்லை, குரல்தான் சிறுத்திருந்தது. இன்னொரு நாள் தயங்கித் தயங்கி, "அம்மாவுக்கு என்னிலை கோவமோ? வீடியோவிலை சிரிக்கிறா இல்லை" என்று கேட்டான். முகத் தசைகள் இறுகி, மனதில் இருக்கும் சிரிப்பு முகத்துக்கு வராமல் நின்றிருக்கிறது. என்ன கோபம் என்று தெரியாமல் என் தம்பி ஒரு வருடம் தாயிடம் மன்னிப்புக் கேட்பது போலவே பேசியிருக்கிறான். இங்கே அமர்ந்திருக்கும், இந்த மலரைத் தூர தேசத்தில் இருந்து வாசிக்கப்போகும் என் தோழிகளுக்காகவே இதைச் சொல்கிறேன்.

1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஆறே ஆறு பேரைப் பற்றித்தான் அதில் எழுதியிருந்தார். அவர்களிலும் சிலர் அவருடைய நோயாளிகள் அல்லர். தெருவில் நடந்துபோகையில் கண்டவர்கள். ஸ்கான் இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை. மனிதர் நின்று பார்த்திருக்கிறார். அவ்வளவும் கையில் இருந்தும் நான் பார்க்கவில்லை.

முன்பே கண்டிருந்தால் நோய் நின்றிருக்குமா என்று கேட்பீர்கள். இல்லை. இந்த நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. குறிகளைத் தணிக்கும் மருந்துதான் உண்டு. என்னை உறுத்துவது அதுவல்ல. மருந்து தொடங்கிச் சில வாரங்களுக்குப் பிறகு ஒரு பின்னேரம், தேத்தண்ணி குடித்தபடி அம்மா சொன்னார்: "நான் சோம்பேறியாப் போனன் எண்டு நினைச்சன் பிள்ளை. சட்டை பொத்தான் பூட்ட அவ்வளவு நேரம். தூளும் கருகுது. ஆருக்கும் சொல்ல வெக்கமாயிருந்தது." வருத்தம் என்று தெரியாமல், தன் குணம் கெட்டுப்போனது என்று நினைத்து, அந்த மனுசி இரண்டு மூன்று வருடம் தனியே வெட்கப்பட்டிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் அதை எழுதி ஒட்டி எனக்கு அனுப்பியும் இருக்கிறார்.

கவனிக்கத் தெரியாதவளாக நான் வளரவில்லை. அதற்கு இந்தக் கல்லூரி பொறுப்பல்ல. எங்கள் தையல் ரீச்சரைப் பலருக்கு நினைவிருக்கும். அம்மாவுக்கு அவர் புதிதாக வந்த இளம் ரீச்சர். எனக்குப் படிப்பித்தபோது ஓய்வுபெறும் வயது. சங்கிலித் தையலோ காம்புத் தையலோ, துணியை நீட்டினால் அவர் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். அங்கே நூல் சிக்கியிருந்தால் முன்பக்கத்துப் பூ எவ்வளவு வடிவாக இருந்தாலும் பிரித்துத் தைக்க வேண்டும். எத்தனை முறை பிரித்திருப்போம்!

வீட்டிலும் அப்படித்தான். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்ற பிறகு, ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டுத் திரி போட்ட விளக்கில் ஒரு பக்கம் நான் படிப்பேன், மறுபக்கம் அம்மா என் வெள்ளைச் சட்டையின் கீழ்மடிப்பை இறக்கித் தைப்பார். வெளிச்சம் அவ்வளவுதான் என்பதால் ஒருவர் முகம் மற்றவருக்கு நன்றாகத் தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, சேர்ட்டிபிக்கற்றுகளோடு தையல் பையையும் அம்மா கொண்டுவந்தார். அடுத்த வருடம் திரும்பி வந்து, கூரை ஓடுகள் இல்லாத வீட்டுக்குள் போகுமுன் கிணற்றடிக்குப் போய் மல்லிகைப் பந்தலைப் பார்த்தார். அந்த நாட்களை நான் விரும்பிக் கேட்கவில்லை. யாருக்கும் அவை வேண்டாம். ஆனால் அப்போது அம்மாவின் இருமலில் ஒரு சிறு மாற்றம் வந்தாலும் எனக்குத் தெரியும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியதும், நாங்கள் இருவரும் வைத்தியசாலையில் நிற்க வேண்டியிருந்ததால் மகளை ஊரில் அம்மாவிடம் விட்டோம். ஊரடங்கு வந்துவிட, அவள் அங்கேயே மாதக்கணக்கில் நின்றாள். எங்கள் வீட்டுக்கு நல்ல காலம் அப்போதுதான் பிறந்தது என்று சொன்னால் பிழையாக எடுக்காதீர்கள்.

கோடு இருந்தால் எழுத்துச் சிறுக்காது என்று நான் தொலைபேசியில் சொன்னேன். மூளை தானாகக் கொடுக்க வேண்டிய அளவைக் கண் கொடுக்கும். குஞ்சம்மா இரட்டை றூள் கொப்பி ஒன்று தேடிக் கொடுத்தார். தினமும் காலையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒரு பக்கம் எழுத, எட்டு வயது ரீச்சர் சிவப்புப் பேனையால் திருத்துவார். "மேல்கோட்டைத் தொடேல்லை, திருப்பி எழுதுங்கோ அம்மம்மா." அம்மாவுக்கு அதில் ரோசம் வந்து இரண்டு பக்கம் எழுதிய நாட்களும் உண்டு.

குசினியில் இருந்து கிணற்றடிக்குப் போகும் சீமெந்துப் பாதையில் அம்மாவின் கால் சில வேளை நிலத்தில் ஒட்டினாற்போல நின்றுவிடும். அங்கே அடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பால் குறுக்குக் கோடு போடச் சொன்னேன். கோட்டைத் தாண்ட வேண்டும் என்று கண் கண்டால் கால் எழும்பும். மதிலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ஐயா, "என்ன ரீச்சர், கிளித்தட்டோ?" என்று கேட்டாராம். "ஓம், ஆள் காணாது, நீங்களும் வாங்கோ" என்று அம்மா சொன்னார். அவருடைய குரல் மதிலைத் தாண்டிக் கேட்டது என்பதுதான் அன்றைய செய்தி. மகள் அதை எனக்கு மூன்று முறை சொன்னாள்.

அந்தக் கோடுகள் வழியே அம்மா மறுபடி தோட்டத்துக்குப் போகத் தொடங்கினார். வாளி தூக்க முடியாது. குழாயைப் பிடித்துத் தண்ணீர் விடுவார். மல்லிகை மணக்கிறதா என்று பேத்தி மொட்டை மூக்கின் அருகே பிடிப்பாள். "இல்லை" என்பார். பிறகு இவள் மணந்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். "நேற்றையை விடக் கூட." "மழை வரப்போகுது போலை." இப்படி ஒரு கணக்கு இருவருக்கும் இடையில் நடந்தது. மிளகாய்த்தூளும் அப்படித்தான். தாச்சியில் அகப்பை அம்மாவின் கையில், மூக்கு மகளுடையது. "இப்ப, அம்மம்மா, இப்ப!" அந்தத் தூள் ஒரு போத்தல் எனக்கு வந்தது. கொஞ்சம் பச்சை வாசம் இருந்தது. இந்த முறை அம்மாவுக்கு உண்மையைச் சொன்னேன். "அவள் அவசரப்பட்டிட்டாள்" என்றார்.

வெளிநாடுகளில் இருக்கும் தோழிகளிடம் ஒன்று கேட்கிறேன். வீடியோவில் அம்மாவோடு பேசும்போது முகத்தை மட்டும் பார்த்து "சாப்பிட்டியளோ, மருந்து போட்டியளோ" என்று வைத்துவிடாதீர்கள். போனை யாரிடமாவது கொடுத்து, அம்மாவை முற்றத்தில் நடக்கவிடுங்கள். என்ன பூத்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். என்ன பின்னுகிறார், என்ன தைக்கிறார், அந்தக் கை எப்படி அசைகிறது என்று பாருங்கள். என் தம்பி இப்போது ஞாயிறு தோறும் அப்படித்தான் அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் செவ்வரத்தைக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மா சிரிக்கிறாரா என்று அவன் இப்போது கேட்பதில்லை. செடிக்குத் தண்ணீர் காட்டும் கையைப் பார்த்தே கண்டுபிடிப்பான்.

நோய் நிற்கவில்லை. இப்போது வலக்கையில் நடுக்கமும் உண்டு. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பே, நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும்; தவறினால் அந்த நேரம் முழுவதும் கதிரையில்தான். ஆனாலும் பின்னேரங்களில் தையல் உண்டு. சிறு பூக்கள் இனி இயலாது. கண் பெரிய துணியில் குறுக்குத் தையல் போடுகிறார். சதுரத்துக்குச் சதுரம் கை தாண்ட வேண்டும் என்பதால் அதுவும் ஒரு கோடுதான். ஊசியில் நூல் கோப்பது மட்டும் முடியாது. அது பேத்தியின் வேலை.

அவளுக்கு இப்போது பாடசாலை, ரியூஷன் எல்லாம் கூடிவிட்டன. விடுமுறை முடிந்து நாங்கள் கொழும்புக்குப் புறப்படும் இரவில், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் கத்திக்கொண்டிருக்க, அவள் விறாந்தையில் இருந்து இருபது ஊசிகளுக்கு நூல் கோத்து, நிறம் நிறமாக ஊசிப் பஞ்சணையில் குத்தி வைப்பாள். நான் இப்போது கத்துவதை விட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்து கத்தரிக்கோல் பிடிக்கிறேன். போன வாரம் அம்மா அழைத்தார். நான் வாட்டில் நின்றேன், வெளியே வந்து எடுத்தேன். குரல் சிறிதாக, ஆனால் விளங்கக்கூடியதாக இருந்தது.

"பிள்ளை, மூண்டு ஊசிதான் மிச்சம். எப்ப வாறியள்?"