தூளிக்குள் ஒரு கணக்கு

சென்சஸ் வேலைக்குப் போன ஆசிரியர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "வீட்டுல எத்தனை பேரும்மா?" என்றால், "அஞ்சு பேர் சார்" என்று பதில் வரும். ஒவ்வொரு பெயராக எழுதி முடித்து எழுந்திருக்கும்போது உள்ளே தூளியில் ஒரு குழந்தை சிணுங்கும். "அது கைக்குழந்தைதானே சார், அதையுமா எழுதணும்?" எழுதத்தான் வேண்டும். பெயர் வைக்காத பிள்ளைக்கும் படிவத்தில் இடம் உண்டு. நான் இன்று பேச வந்தது அந்தத் தூளிக் குழந்தைகளின் கணக்கைப் பற்றித்தான்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். அதில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். பத்தில் ஒருவர் 60 வயதைத் தொட்டவர். இதெல்லாம் நம் தெருவிலேயே கண்ணுக்குத் தெரிகிற மாற்றம். அந்த ஆண்டு 1,000 ஆண்களுக்கு 996 பெண்கள் என்று கணக்கு வந்தது. 2001-ல் 987 ஆக இருந்ததாயிற்றே, நல்ல செய்திதானே என்று தோன்றும். ஆனால், பெண்கள் ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். பாட்டிகள் நிறைந்திருப்பதால் பேத்திகள் குறைந்தது தெரியாமல் போகிறது.

அதைக் காட்டிக்கொடுத்தது வேறொரு கட்டம். 1991 முதல், ஏழு வயது நிரம்பியவர்களை வைத்துத்தான் எழுத்தறிவைக் கணக்கிடுகிறார்கள். அதற்காக ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளைத் தனியே பிரித்து எண்ணினார்கள். படிப்புக் கணக்குக்காகப் பிரித்த அந்தக் கட்டம்தான் பெண் குழந்தைகள் எங்கே என்று கேட்க வைத்தது.

இயற்கை தன் போக்கில் விட்டால் 1,000 ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 950 பெண் குழந்தைகள் பிறக்கும். 2001-ல் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு இருந்த பெண் குழந்தைகள் 851 பேர். தருமபுரியில் 826. அந்த மாவட்டத்துப் பால்வாடி ஒன்றை நினைத்துப் பாருங்கள். எட்டுப் பெண் பிள்ளைகளாவது உட்கார வேண்டிய பாயில் ஏழு பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள். இல்லாத அந்த ஒருத்திக்காக எந்த வீட்டிலும் துக்கம் விசாரித்திருக்க மாட்டார்கள். அதை நினைக்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

வேண்டாம் என்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில்தான் தொடங்கியது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்தது. 2011-ல் சேலம், தருமபுரி இரண்டுமே 910-ஐத் தாண்டின. உழைத்தவர்களுக்கு அது பெரிய வெற்றி. ஆனால் அதே ஆண்டில் கடலூரும் அரியலூரும் 900-க்குக் கீழே போயின. பத்தாண்டுக்கு முன் கடலூரில் 957 இருந்தது. மாநிலக் கணக்கு 942-லிருந்து 943 ஆனது, அவ்வளவுதான்.

அன்று குறைந்து பிறந்த தலைமுறைக்கு இப்போது கல்யாண வயது. மேற்கு மாவட்டங்களில் பெண் கிடைக்கவில்லை என்று கேரளம் வரை போய்த் தேடுகிறார்கள். மாப்பிள்ளைக்குப் பெண் இல்லையே என்று மட்டும் வருந்துவது சரியல்ல. அவள் யாருக்காகவும் பிறந்திருக்க வேண்டியதில்லை. தனக்காகவே பிறந்திருக்க வேண்டியவள்.

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 நள்ளிரவைக் குறித்திருக்கிறார்கள். 2011-ல் எண்ணிய கைக்குழந்தைகள் அப்போது பதினாறு வயதைத் தொட்டிருப்பார்கள். இடையில் கடலூர் மீண்டதா, வேறெந்த மாவட்டம் சரிந்தது என்று சொல்ல நம்மிடம் முழுக் கணக்கு கிடையாது.

2011-ல் பிப்ரவரியில் எண்ணி முடித்த கணக்கெடுப்பாளர்கள் மார்ச் 1 முதல் 5 வரை அதே வீடுகளுக்கு மறுபடியும் போனார்கள். இடைப்பட்ட நாளில் யாராவது தவறினார்களா, புதிதாகக் குழந்தை பிறந்ததா என்று கேட்டு ஏட்டைத் திருத்தினார்கள். மார்ச் 1 பிறந்த நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன்னால் பிறந்த பெண் குழந்தை என்றாலும் அவளுக்கு ஒரு வரி எழுதினார்கள்.