வெறுங்கையும் வீரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆயுதத்துடன் நெருங்கி வருபவனிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்வது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அதற்குரிய தகுதி என் வலக்கையில் உள்ளது. அதன் இரு விரல்கள் மடங்கமாட்டா.

இளமையில் ஊரில் சிலம்பம் பயின்றவன் நான். அந்தப் பெருமிதம் நெஞ்சில் இருந்தது. கையிலோ கம்பு இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்கால இரவில், இரயிலடியிலிருந்து நம் குடியிருப்புக்கு நடந்து வருகையில், ஒருவன் கத்தியைக் காட்டிக் கைக்கடிகாரத்தைக் கேட்டான். நான் கத்தியின் அலகைப் பற்றினேன். விரல்களின் தசைநார்கள் அறுந்தன. கடிகாரம் இன்றும் ஓடுகிறது. நானோ இடக்கையால் எழுதப் பழகினேன்.

மருத்துவமனைக்கு வந்த அண்டை வீட்டு மலையாள நண்பர் ஓர் உண்மையை நினைவூட்டினார். களரிப்பயிற்று மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை என நான்கு படிகளாகக் கற்பிக்கப்படுகிறது. ஆயுதத்தை வெறுங்கையால் எதிர்க்கும் வித்தை கடைசிப் படியில் வைக்கப்பட்டது ஏன்? எல்லாவற்றினும் அரியது அதுவே என்பதால் அன்றோ! கோலும் வாளும் கற்றுத் தேர்ந்தவனுக்குரிய பாடத்தில், திரைப்படம் பார்த்த துணிவோடு நாம் தேர்வெழுதலாமா?

ஆகவே, பொருளைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அதை ஒருபுறம் எறிந்துவிட்டு, மறுபுறம் கூவிக்கொண்டே ஓடுங்கள். ஓடுவது கோழைத்தனம் அன்று. கைக்கு எட்டாதவனைக் கத்தி என்ன செய்யும்?

அவன் உயிரையே குறிவைத்தான், ஓடவும் வழியில்லை என்னும் நிலையில் போராடியே தீரவேண்டும். பை, நாற்காலி, கம்பளி என அகப்பட்டதை இடையே நிறுத்துங்கள். ஒன்றுமே அகப்படாவிடில், முன்கைகளின் வெளிப்புறம் அவனை நோக்குமாறு கழுத்தையும் மார்பையும் மறையுங்கள். உட்புறத்தில்தான் நாடி ஓடுகிறது. அலகைத் தொடாமல், ஆயுதம் ஏந்திய கையின் மணிக்கட்டை இரு கைகளாலும் பற்றுங்கள். வழி கிடைத்ததும் ஓடுங்கள். பதற்றத்தில் வலி தெரியாது. உடல் முழுவதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தி குத்தி நின்றால் அதைப் பிடுங்கலாகாது. சுற்றிலும் துணியை வைத்து அழுத்தி, 112 எண்ணை அழையுங்கள்.

சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் ஏற்ற தற்காப்புரிமை, 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் தொடர்கிறது. உடலுக்கு ஆபத்து என்று அஞ்சத்தக்க நிலை தோன்றியதுமே அவ்வுரிமை பிறக்கிறது. அவ்வச்சம் நீங்கியதும் முடிகிறது. தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்ய அதில் இடமில்லை. பிடிபட்டவனைக் கூட்டமாகச் சேர்ந்து அடிப்பது தற்காப்பன்று, குற்றமே.

அன்பர்களே! பிழைப்பு நாடி ஊர் கடந்து வந்தவர்கள் நாம். நம் காலடியோசைக்காக வீட்டில் காத்திருப்போர் உண்டு. கடிகாரத்தை அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கியிருக்கலாம். என் மகளுக்குச் சடை பின்னிவிட இவ்விரல்கள் இனி வளையா. வெறுங்கையோடு வீடு திரும்புவது இழுக்கன்று. வீடு திரும்புவதே வெற்றி.