வழுவும் தமிழும்

 

இவ்வெல்லை மண்ணில் மும்மொழி வழங்குகின்றன. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தக்கால், அன்று சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்த ஒசூர் தமிழகத்திலேயே நின்றது. இங்குத் தெலுங்கு பேசுவாரோடும் கன்னடம் பேசுவாரோடும் தமிழர்க்குப் பகை ஒன்றுமில்லை. ஆனால், சிப்காட்டுத் தொழிற்பேட்டையின் வாயிலைக் கடந்து உட்சென்றால், அரசு வீற்றிருப்பது இம் மூன்றனுள் எதுவுமன்று, ஆங்கிலமே! பொறியின் பழுதைத் தன் காதால் கேட்டே அறியும் தமிழ்த் தொழிலாளியின் சொல், பல இடங்களில், வேறொருவர் கையால் ஆங்கிலமான பின்னரே ஏடேறுகின்றது.

இதே நிலை மென்பொருள் உலகிலும் உண்டு. கட்டற்ற மென்பொருள் என்பது யாவரும் படிக்கவும் திருத்தவும் உரிமை தரப்பட்ட மென்பொருள். அதில் பிழை கண்டார் எவரும் ஒரு பொதுப்பதிவேட்டில் எழுதலாம். அவ்வாறு எழுதப்பெறும் பிழைகளைத் தொகுக்கவே மொசில்லாத் திட்டத்தார் 1998-இல் பக்சில்லா என்னும் பதிவேட்டு மென்பொருளை ஆக்கினர். ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண். அஃது உறுதி செய்யப்பெற்றதா, யார் பொறுப்பில் உள்ளது, தீர்ந்ததா என்னும் நிலைக்குறிப்பு.

பிழைகள் நாடோறும் நூற்றுக்கணக்கில் வந்து குவியவே, எழுத்தர் வேலையைப் பொறியிடமே ஒப்படைத்தனர். டெபியன் திட்டத்தில், திருத்தியவர் தம் மாற்றக்குறிப்பில் பிழையெண்ணை உரிய முறையில் எழுதிவிட்டால், திருத்திய பொதி ஏற்றப்பெற்றதும் அப்பிழை தானே மூடப்பெறும். மொசில்லாவார் 2019-இல் இன்னும் ஒருபடி மேற்சென்றனர். முன்னர் மாந்தர் வகைப்படுத்திய ஏறத்தாழ ஓரிலக்கம் பிழைக்குறிப்புகளைப் பொறிக்குக் கற்பித்து, புதுக்குறிப்பு எப்பிரிவைச் சேர்ந்ததென அதுவே முடிவு செய்யுமாறு அமைத்தனர். 60 விழுக்காட்டிற்குக் குறையாத உறுதி இருந்தாலே அது வகைப்படுத்தும். இல்லையேல் ஆளுக்கு விட்டுவிடும். அடக்கமுள்ள பொறிதான்! நம் அலுவலகங்களில் சிலர்க்கு இவ்வடக்கம் வாய்த்தால் நன்று.

தீங்கு எங்குளது? அப்பொறி கற்றதெல்லாம் ஆங்கிலக் குறிப்புகளே. பயர்பாக்சு உலாவி தமிழிலும் கிடைக்கின்றது. ஆனால் அதன் குறையைத் தமிழில் எழுதினால் வகை செய்ய அதற்குத் தெரியாது. இன்னொரு வகைப் பொறியும் உண்டு. 60 நாள் எவரும் மறுமொழி கூறாத குறிப்பைத் ‘தேங்கியது’ எனக் குறித்து, மேலும் 7 நாளில் மூடிவிடும். கிட்டப்பில் பலரும் பயன்படுத்தும் ஒரு கருவியின் இயல்பான அளவு இது. படிக்க ஆளில்லாத தமிழ்க்குறிப்பு மறுக்கப்பெறுவதில்லை; 67 நாளில் ஓசையின்றிப் புதைக்கப்பெறுகின்றது. மறுத்தால் வழக்காடலாம், புதைத்தால் என் செய்வது?

எழுத்திலும் ஓர் இடர் உண்டு. ஒருங்குறியில் ‘கொ’ என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம். இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முறைப்படுத்தாத பொறிக்கோ ‘கொக்கி’ இருவேறு சொல். ஒரே பிழையை இருவர் தமிழில் எழுதினும், இரட்டிப்பெனக் காணாது போம்.

இவற்றைத் திருத்த எவர் இசைவும் வேண்டா; மூலநிரல் திறந்தே கிடக்கின்றது. ஒசூரிலிருந்து நாள்தோறும் எல்லை கடந்து பெங்களூர் மின்னணு நகரில் உழைக்கும் தமிழிளைஞர், ஒப்பிடுமுன் எழுத்தை முறைப்படுத்தும் சில வரிகளைச் சேர்க்க வல்லார். தமிழ்க்குறிப்புக்கென ஓர் அடையாளம் இட்டு, அவ்வடையாளம் உள்ளதைத் தானியங்கி மூடாதவாறு விலக்குப் பெறச் செய்வதும் அமைப்புக்கோப்பில் ஒரு வரியே.

சொற்களுக்கும் கடன்பட வேண்டா. பிழைக்கு ‘வழு’ எனும் சொல்லைத் தமிழ்க் கணினியாளர் முன்னரே ஆள்கின்றனர். தொல்காப்பியர் கிளவியாக்கம் வகுத்த மரபில் வந்த இலக்கண நூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகையாக வழுவைப் பிரித்தனர். வந்த குறிப்பை எப்பிரிவில் இடுவதென்னும் வேலையும் இதுவே. தீர்ந்ததற்கு ‘வழாநிலை’ என்க. பிழையெனத் தோன்றினும் காரணம் பற்றி அவ்வாறே விடப்பெறுவதற்கு ஆங்கிலத்தார் ‘திருத்தப்படாது’ என்னும் பொருளில் முரட்டுத்தொடர் ஒன்று வைத்துள்ளனர். அதற்கு நம்மிடம் ‘வழுவமைதி’ உண்டு. பதிவேட்டின் நிலைப்பட்டியில் அதனை இட வேண்டுவதே எஞ்சியது.